தடுக்காமல் விட்ட ஆள்

கெஸ்லர் ஊரின் பாவப் பட்டியல் சிறியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருப்பது, பக்கத்து நிலத்துக்காரர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய நிலத்துக்கு விலை விசாரிப்பது, மைதானத்தில் எதிரணி ஆள் ஒருவனைத் தடுக்காமல் விடுவது. முதல் இரண்டையும் ஊரில் எல்லோருமே ஒரு தடவையாவது செய்திருந்தார்கள். அதனால் அவற்றுக்கு மன்னிப்பு உண்டு. மூன்றாவதைப் பள்ளி அணியின் கோச் லோவெல் ப்ரூனிங் வேண்டுமென்றே செய்தார். 1998 செப்டம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை, சொந்த மைதானத்தில், ஊரின் மக்கள்தொகையான அறுநூற்று நாற்பதில் ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்தார்.

"கோச்! அந்தக் கடைசி ஆளை யாரும் பிடிக்கலையே!"

"விட்டுட்டானுங்கய்யா! அவனை அப்படியே விட்டுட்டானுங்க!"

"எங்க காலத்துல ஒருத்தனை இப்படி விட்டிருந்தா வீட்டுல ராத்திரி சாப்பாடு கிடையாது."

விடப்பட்ட ஆள் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் ஒரு நொடி சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு கெஸ்லர் அணியில் பந்தை முதலில் கையில் வாங்கும் குவார்ட்டர்பேக் நேட் ஷ்ராமை மூட்டையைப்போல் தூக்கித் தரையில் போட்டான். லோவெல் கையிலிருந்த அட்டையில் எதையோ குறித்துக்கொண்டார். குறிக்க ஒன்றும் இல்லை. ஐந்நூறு பேர் முதுகையே பார்க்கும்போது மனிதனுக்குக் கையில் ஒரு வேலை வேண்டியிருக்கிறது.

பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவதும், அவனுக்காக மற்ற பத்துப் பேர் எதிரே நிற்பவர்களை இடித்துத் தள்ளுவதும்தான் ஆட்டம். அதை ஆட எத்தனையோ முறைகள் உண்டு. கெஸ்லருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, விங்-டி. அதில் எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். யார் ஓடுவது, யார் யாரை இடிப்பது என்பதெல்லாம் விசில் ஊதுவதற்கு முன்பே தெரியும். ஒருவன் பந்தோடு ஓடுவான். இன்னும் இரண்டு பேர் வெறும் கையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு, பந்து தங்களிடம்தான் இருக்கிறது என்பதுபோல வேறு வேறு திசையில் ஓடுவார்கள். பந்து யாரிடம் என்று எதிரணிக்குத் தெரியக்கூடாது. முப்பது வருடமாக இதையே பார்த்துப் பார்த்து, கெஸ்லரின் பார்வையாளர்களுக்கும் அது தெரியாமல் போயிருந்தது. யார் யார் மேல் விழுந்தாலும் கைதட்டினார்கள்.

1974-ல் இப்படி ஆடித்தான் கெஸ்லர் மாநிலக் கோப்பையை வென்றது. அன்றைய கோச் ஆர்லின் டீட்ஸின் பெயர் இன்று மைதானத்துக்கு. அவருடைய தொப்பி பள்ளி வராந்தாவில் கண்ணாடிப் பெட்டிக்குள், தனக்கென்று ஒரு சின்ன விளக்கோடு இருக்கிறது. இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் 'இருபத்தெட்டு' என்ற ஓட்டத்தில், இடித்து வழிவிடுவதற்கென்றே வரிசையில் நிற்கும் வலது கார்டு ஜீன் கோவாரிக் வெளிப்புறமாக ஓடிவந்து எதிரணி வரிசையின் கடைசி ஆளை உள்பக்கமாகச் சாய்த்துப் போட்டார். அந்த வழியாகப் பந்தோடு ஓடிக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவன் பெயர் ஊருக்கு மறந்துவிட்டது. சாய்த்தவர் பெயர் மறக்கவில்லை. அவர் மறக்க விடவில்லை. இப்போது ஜீனுக்கு நாற்பத்தொரு வயது. சோள விதை வியாபாரம். பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தலைவர். அவர் மகன் டஸ்டின், அப்பா நின்ற அதே வலது கார்டு இடத்தில் நிற்கிறான்.

லோவெலுக்கு ஐம்பத்து மூன்று வயது. பகலில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பார், மாலையில் இது. கெஸ்லரில் அவருக்கு ஆறாவது வருடம், ஆகவே ஊருக்கு அவர் 'புதுக் கோச்'. அந்த ஆறு வருடமாக, சுற்றிலும் இருந்த பண்ணைகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்தன. நாலு குடும்பம் உழுத நிலத்தை இப்போது ஒரு குடும்பமும் ஒரு ராட்சத டிராக்டரும் உழுதன. டிராக்டர் பிள்ளை பெறுவதில்லை. அணியில் மொத்தம் பத்தொன்பது பையன்கள். அதில் உடம்பு என்று சொல்லத்தக்க உடம்பு இருந்தது மூன்று பேருக்கு. மூவரில் ஒருவன் ட்ரம்பெட் வாசிப்பவன் என்பதால், இடைவேளையில் ஆட்டச் சட்டையோடேயே போய்ப் பேண்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

எதிரே நிற்பவர்கள் எல்லோரையும் இடித்துத் தள்ள ஆள் போதாது என்பது லோவெலுக்குக் கோடையிலேயே தெரிந்துவிட்டது. சரி, அப்படியானால் ஒருவனை இடிக்கவே வேண்டாம். விட்டுவிடலாம். குவார்ட்டர்பேக் பந்தோடு அவனை நோக்கி ஓடிப்போய் அவனைப் பார்க்கட்டும். அவன் உன் மேல் பாய்ந்தால், உன்னோடு ஓடிவருகிறவனிடம் பந்தைத் தட்டிவிடு. உன்னோடு ஓடிவருகிறவன் மேல் அவன் பாய்ந்தால், பந்தை நீயே வைத்துக்கொண்டு ஓடு. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் பிடிக்க முடியாது. இதற்கு ஆப்ஷன் என்று பெயர். விங்-டியைத் தூக்கிப் போடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நாற்பது ஓட்டங்களில் நான்கை மட்டும் இப்படி மாற்றினார். பைபிளில் நான்கு பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன் என்று ஒரு பாதிரியார் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது ஊருக்கு.

இதையெல்லாம் அவர் யோசித்த சாப்பாட்டு மேசை, அது கிடந்த வீடு, இரண்டும் பள்ளிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. மனைவி மார்னிக்கு இரண்டு வருடம் முன்பு லிங்கன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. "சீசன் முடிஞ்சதும் வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சீசன் முடிந்ததும் எடை தூக்கும் பயிற்சி வந்தது. பிறகு கோடைப் பயிற்சி, பிறகு சீசன். கொஞ்ச நாளில் அவள் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். முதலில் அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. பிறகு அவ்வளவு நிம்மதியாக இல்லை.

ஊர் அன்பான ஊர்தான். எதிரே பிக்கப் வண்டியில் வருகிற எல்லோரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி அவருக்கு வணக்கம் சொல்வார்கள். ஆறு வருடத்தில் அப்படி ஆயிரக்கணக்கான விரல்கள். அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. வாசல்வரை வருவார்கள், நடுவில் பழக்கூழ் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டிகளை ஒரு தட்டில் நீட்டுவார்கள். "உள்ள வரல கோச், பூட்ஸெல்லாம் சேறு" என்பார்கள். மழையே பெய்யாத வருடத்திலும் அவர்கள் பூட்ஸில் சேறு இருந்தது.

திங்கட்கிழமை மாலைகளில் முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில், அணியின் ஆதரவாளர்கள் நடத்தும் குவார்ட்டர்பேக் கிளப் கூடும். உறுப்பினர்களில் ஒருவர்கூடக் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் இல்லை. கறியும் பீன்ஸும் போட்டுக் கொதிக்கவைத்த சில்லியும் இலவங்கப்பட்டை ரோலும் சாப்பிடுவார்கள். கோச் எழுந்து நின்று, வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் வீடியோவைப் போட்டு விளக்கம் சொல்ல வேண்டும். ரிமோட் ஜீன் கையில் இருக்கும். விளக்கமும் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.

அக்டோபர் கடைசியில், சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, ஜீன் படத்தை நிறுத்தினார்.

"கோச், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். கெஸ்லரில் இப்படி ஆரம்பித்த எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை. "இந்தக் கடைசி ஆளை யாரு பிடிக்கணும்?"

"யாரும் பிடிக்க வேண்டாம், ஜீன். அவனை நேட் பாப்பான்."

"பாத்து?"

"பாத்து முடிவு பண்ணுவான்."

"முடிவா?" ஜீன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "காலையில எந்தச் சட்டை போடறதுன்னு அவங்கம்மா எடுத்து வைக்கிறா. இவன் முடிவு பண்ணுவானாம்."

கூடம் சிரித்தது. ஸ்பூன்கள் கிண்ணத்தில் தட்டின.

"நாங்க ஆடறப்போ யாரும் எதையும் முடிவு பண்ணல" என்றார் ஜீன். "அதான் ஜெயிச்சோம். இங்க பாருங்க, டஸ்டின் அவனைப் பிடிச்சிருக்கான். விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? ஆனா இந்த இன்னொருத்தன் எங்கேயிருந்து வந்து நேட்டை அடிச்சான்?"

"அவன்தான் டஸ்டின் பிடிச்சிருக்க வேண்டிய ஆள்" என்றார் லோவெல்.

யாரும் சிரிக்கவில்லை. நிலைமை உண்மையில் அதுதான். செப்டம்பரில் அந்த முதல் ஆளை விட்ட இரவிலிருந்து டஸ்டின் யாரையும் விடுவதில்லை. விடச் சொன்னவனைத்தான் முதலில் போய் இடித்தான். நேட் பார்க்க வேண்டிய ஆள் ஏற்கெனவே தரையில் கிடப்பான். டஸ்டின் இடிக்க வேண்டிய ஆள் வந்து நேட்டின் மேல் விழுவான். ஏழு ஆட்டங்களில் ஒரு தடவைகூட ஆப்ஷன் உருப்படியாக நடக்கவில்லை. நான்கில் தோல்வி.

தானியக் கிடங்கில் எடை போடும் வெர்ல் மெதுவாக, "ஜீன், அந்த எழுபத்திநாலு விஷயத்தைக் கொஞ்சம் சொல்லேன்" என்றார்.

"வேணாம்ப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டு ஜீன் பதினொரு நிமிடம் சொன்னார்.

கூட்டம் கலைந்தபோது அவர் லோவெலைக் கோட்டு மாட்டும் இடத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போனார். "அடுத்த திங்கக்கிழமை குழு கூடுது. உங்க ஒப்பந்தம் அன்னிக்கு வருது. வெள்ளிக்கிழமை பைன் க்ரீக்கோட ஆடறப்போ ஆப்ஷன்னு ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சுன்னா, என்னால கை தூக்க முடியாது. மத்த நாலு பேரும் என் கையைப் பாத்துத்தான் தூக்குவாங்க. அதையும் சொல்லிடறேன்."

"பையன்கள் பத்தலை, ஜீன். பழசை மட்டும் வெச்சு ஆட முடியாது."

"ஆர்லினுக்கே ஃபோன் போட்டுக் கேளுங்க. அவரு சரின்னு சொல்லட்டும், நாங்க வாயைத் திறக்கல."

லோவெல் அன்று மேசையில் உட்கார்ந்து யோசித்தார். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் லிங்கனுக்குத்தான் போக வேண்டும். ஊரே துரத்திவிட்ட ஆளாகப் போய் மார்னியின் கதவைத் தட்ட வேண்டும். அவள் திறப்பாள் என்றுதான் நினைத்தார். கேட்டு உறுதி செய்துகொள்ளத் துணிவில்லை. ஆப்ஷனை விட்டுவிட்டால் வேலை நிற்கும். ஆனால் இந்த ஊரில் அவர் என்று சொல்ல அந்த நான்கு ஓட்டங்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் டீட்ஸ் விட்டுவிட்டுப் போனது.

மறுநாள், டீட்ஸ் ஓய்வுபெற்றுக் குடிபோயிருந்த அரிசோனாவுக்கு ஃபோன் செய்தார்.

"கெஸ்லரா?" என்றது டீட்ஸின் குரல். பின்னால் யாரோ கோல்ஃப் மட்டைகளைப் பைக்குள் போடும் சத்தம். "அந்தத் தண்ணித் தொட்டி சாஞ்சிருக்குமே, அந்த ஊரா?"

"சாய்ஞ்சது பக்கத்து ஊர்ல, கோச். நீங்க கெஸ்லர்ல பதினெட்டு வருஷம் இருந்தீங்க."

"அவ்வளவு நாளா?" டீட்ஸ் வருத்தப்பட்டதுபோல் இருந்தது. லோவெல் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டது.

"தம்பி, எழுபத்திநாலுல எனக்கு ஆறு ஜெர்மன்காரப் பசங்க இருந்தாங்க. ஒவ்வொருத்தனும் கொட்டகைக் கதவு மாதிரி. அவனுங்களை நிக்க வெச்சு எதை ஆடியிருந்தாலும் ஜெயிச்சிருப்பேன். விங்-டிதான் வேணும்னு எனக்கு ஒண்ணுமில்ல. பள்ளிக்கூட லைப்ரரியில இந்த ஆட்டத்தைப் பத்தி ஒரே ஒரு புஸ்தகம் இருந்துச்சு. அதுல அது இருந்துச்சு."

"ஜீன் கோவாரிக்னு வலது கார்டு. கடைசி நிமிஷத்துல அந்தக் கடைசி ஆளைச் சாய்ச்சாரே."

"யாரு?"

"கோவாரிக்."

"சாய்ச்சானா? நல்ல பையன். நான் பந்து எங்க போகுதுன்னுல்ல பாத்துட்டு இருந்தேன்." டீட்ஸ் இருமினார். "இங்க என் முட்டியை மாத்திட்டாங்க, தெரியுமா?"

அடுத்த இருபது நிமிடமும் முட்டிதான்.

ரிசீவரை வைத்துவிட்டு, இதை யாரிடம் சொல்லலாம் என்று லோவெல் யோசித்துப் பார்த்தார். சொன்னால் நம்பாத ஐந்நூறு பேரும், கேட்க நேரமில்லாத ஒருத்தியும் இருந்தார்கள். அஞ்சலகத்தில் ஜீன் எதிர்ப்பட்டார். "என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்காராம். பிடிவாதமா எதுவும் சொல்லல."

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

லோவெல் ஒரு கணம் பார்த்தார். ஜீன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கேட்டாரு" என்றார் லோவெல். ஜீன் தபால்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு, இல்லாத கடிதத்தை வெகுநேரம் தேடினார்.

புதன்கிழமைப் பயிற்சியில் காற்று பலமாக அடித்தது. பையன்கள் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

"டஸ்டின், இந்தக் கடைசி ஆள் பக்கமே போகாதே. உள்ள போயி அந்த ரெண்டாவது ஆளைப் பிடி."

"சரி கோச்."

விசில். டஸ்டின் நேராகப் போய்க் கடைசி ஆளை இடித்துச் சாய்த்தான்.

"டஸ்டின்."

"தெரியும் கோச்."

"ஏம்ப்பா?"

டஸ்டின் ஹெல்மெட்டைக் கழற்றினான். நேர்மையான, அகலமான முகம். "அவன் என்னையே பாத்துட்டு நிக்கறான் கோச். அவனைக் கண்டுக்காம போறது என்னமோ மரியாதை இல்லாத மாதிரி இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சாப்பாட்டு மேசையில அப்பா கேப்பாரு. இன்னிக்கு எவனை விட்டேன்னு. யாரையும் விடலைன்னு சொன்னாத்தான் உருளைக்கிழங்கு என் பக்கம் வரும்."

"இவங்க வீட்டு நாய்கூட எதிர்ல வர்ற எந்தக் காரையும் விடாது கோச்" என்றான் பின்னாலிருந்து ட்ரம்பெட்காரன்.

எல்லோரும் சிரித்தார்கள். டஸ்டினும் சிரித்தான். லோவெல் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமைக்குள் இவன் மாறப் போவதில்லை. இவனுக்கு நாற்பது வயதானாலும் மாறப் போவதில்லை. விடவேண்டிய ஆளாக யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதில்தான் தப்பு என்று அவருக்கு அப்போது பட்டது. கடைசி ஆளை இவன் இடிக்கட்டும். ஆசை தீர இடிக்கட்டும். அவனுக்கும் வெளியே, மைதான ஓரத்தில் ஒல்லியாக ஒருவன் நிற்பான், கார்னர். வழக்கமாக அவனை இடிக்கும் பையனை உள்ளே அந்த இரண்டாவது ஆளைப் பிடிக்க அனுப்பிவிட்டு, அந்தக் கார்னரைத் தடுக்காமல் விடலாம். நேட் அவனைப் பார்க்கட்டும். டஸ்டின் ஒருவனைச் சாய்க்கும்போது, கெஸ்லரில் ஒரு ஜீவனும் கார்னர் பக்கம் திரும்பாது.

அரைமணி நேரத்தில் பையன்களுக்குப் பிடிபட்டுவிட்டது. டஸ்டினுக்குப் பிடிபட வேண்டியதே இல்லை, அவன் செய்து வந்ததையே செய்தான்.

"இதுக்கு என்ன பேரு கோச்?" என்று கேட்டான் நேட்.

கோவாரிக் வீட்டுச் சாப்பாட்டு மேசை லோவெலின் கண்முன் வந்தது. "இருபத்தெட்டு" என்றார்.

"அது பழைய ஓட்டமாச்சே?"

"இதுவும் அதான். நீ மட்டும் பந்தைக் கையில வெச்சிக்கிட்டுக் கொஞ்சம் தூரம் கூடப் போயிப் பாக்கப் போற."

நேட் யோசித்தான். "அப்ப இது ஆப்ஷன்."

"வீட்டுல போயிச் சொல்லாதே."

"எங்க வீட்டுல யாரு கோச் கேக்கறா? அம்மாவுக்குப் பந்து முட்டை மாதிரி இருக்கும்னு மட்டும்தான் தெரியும்."

வெள்ளிக்கிழமை பைன் க்ரீக் அணி இரண்டு பேருந்துகளில் வந்து இறங்கியது. நாற்பத்தைந்து பேர். கெஸ்லர் பையன்கள் அவர்களை எண்ணிப் பார்த்தார்கள், பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

லோவெல் இடைவேளைவரை பழைய ஓட்டங்களையே ஆடவிட்டார். பதினான்கு–ஆறு என்று பின்தங்கினார்கள். பிறகு இருபத்தெட்டைக் கூப்பிட்டார். ஏழு கெஜம். மறுபடி கூப்பிட்டார், நேட் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடினான், பதினோரு கெஜம். மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் சமன். கடைசி நான்கு நிமிடங்கள் இருக்கும்போது, முப்பது கெஜம் தூரத்தில் எல்லைக்கோடு.

டஸ்டின் வெளியே ஓடிவந்து, தன்னைவிட ஒரு தலை உயரமான கடைசி ஆளை உள்பக்கமாக அடித்துச் சாய்த்து அவன் மேலேயே படுத்துக்கொண்டான். ஐந்நூறு பேரும் ஒரே குரலாகக் கத்திக்கொண்டு எழுந்தார்கள். அவர்கள் பார்க்காத இடத்தில் நேட் ஓடிக்கொண்டிருந்தான். எதிரே கார்னர், மெலிந்த பையன், யாருமே தன்னைத் தள்ள வரவில்லையே என்று திகைத்துப்போய், தயங்கி, கடைசியில் நேட்டை நோக்கிப் பாய்ந்தான். அவனுடைய கை தன் சட்டையைத் தொடும்வரை நேட் காத்திருந்தான். பிறகு பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டான், மேசையில் உப்பை நகர்த்துகிறவனைப்போல. கூட வந்தவன் அதை வாங்கிக்கொண்டு, தன்னந்தனியாக ஓரக்கோட்டை ஒட்டி எல்லைவரை ஓடினான். ஆட்டம் கெஸ்லருக்கு.

லோவெல் வாழ்க்கையில் இருநூறு ஆட்டங்களுக்கு மேல் பார்த்திருந்தார். இவ்வளவு சுத்தமாக ஒன்றைப் பார்த்ததில்லை. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார்.

"இருபத்தெட்டு! இருபத்தெட்டு!" என்று படிக்கட்டு இருக்கைகள் அதிர்ந்தன. எல்லோரும் டஸ்டினைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜீன் கோவாரிக் அழுதுகொண்டே, தெரியாமல் பைன் க்ரீக் ஆள் ஒருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நிர்வாகக் குழு ஆறு நிமிடத்தில் முடிந்தது. ஐந்து கைகள் உயர்ந்தன. ஜீன் தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தார். கெஸ்லர் பள்ளியின் ஆட்ட மரபை மீட்டெடுத்த லோவெல் ப்ரூனிங்குக்கு, அந்த மரபு பிசகாமல் தொடரும் என்ற நிபந்தனையின் பேரில், இரண்டு வருட ஒப்பந்தம். லோவெல் கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லோரும் படைவீரர் சங்கக் கூடத்துக்குப் போனார்கள். சில்லி கொதித்துக்கொண்டிருந்தது.

ஜீன் அந்த ஓட்டத்தை ஒன்பது தடவை போட்டார். ஒன்பது தடவையும் டஸ்டின் அந்த ஆளைச் சாய்த்த இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டினார். நேட் கார்னரிடம் போய்ச் சேரும் முன்பே படம் திரும்பிப் பின்னால் ஓடியது. சாய்ந்தவன் எழுந்து நிமிர்ந்து நின்றான், மறுபடி சாய்ந்தான்.

"காலை வெக்கிறதைப் பாருங்க. தோளைப் பாருங்க. அப்படியே நான்" என்றார் ஜீன்.

"ஜீன்" என்றார் லோவெல். "கொஞ்சம் மேல ஓடவிடுங்க. அந்தக் கார்னரைப் பாருங்க."

ஜீன் பெருந்தன்மையோடு இன்னும் இரண்டு நொடி ஓடவிட்டார். திரையின் ஓரத்தில் அந்த மெலிந்த பையன் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"பாவம், அப்படியே நின்னுட்டான்" என்றார் வெர்ல்.

"ஏன் நின்னான்?" என்று கேட்டார் லோவெல். "அவனை யாருமே பிடிக்கலை, பாருங்க."

கூடம் பார்த்தது. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சட்டைப் பையில் இருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தின் மை இன்னும் காய்ந்திருக்காது.

"ஏனா?" என்றார் ஜீன். "டஸ்டின் அடிச்சதைப் பாத்துப் பயந்துட்டான். வேற என்ன?"

கூரை அதிரச் சிரித்தார்கள். ஜீன் ரிமோட்டை லோவெலின் பக்கம் நீட்டி, "கோச், நம்ம ஓட்டத்தோட பேரை நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. ரெக்கார்டுக்கு" என்றார்.

லோவெல் கிண்ணங்களைப் பார்த்தார். ரோல்களைப் பார்த்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தன்னை எதிர்பார்ப்போடு பார்க்கும் முகங்களைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதுகில் தட்டினார்கள். வெர்ல் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கி, "இனிமே நீங்க நம்ம ஆளு" என்றார். அவர் குலுக்கிய கை லோவெலுடையதுதான். அவர் சொன்ன ஆள் யாரென்று லோவெலுக்குத் தெரியவில்லை. அந்த ஆளைச் சந்தித்தால் தனக்குப் பிடிக்காமல் போய்விடலாம் என்று மட்டும் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மார்னிக்கு ஃபோன் செய்தார்.

"தெரியும், தெரியும்" என்றாள் அவள். "ஜீன் வீட்டம்மா அப்பவே கூப்பிட்டுட்டா. நீ பழைய வழிக்கே வந்துட்டியாம். ஊரே சந்தோஷமா இருக்காம்."

"பழசு இல்ல மார்னி. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ கேளு."

"சொல்லு. ஐயோ, இரு, சூப் பொங்குது."

ரிசீவரை எங்கோ மரப்பலகையின் மேல் வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாய் ஓடியது. யாரோ சிரித்தார்கள், ரேடியோவாக இருக்கலாம். லோவெல் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, யாரும் பிடித்திருக்காத அந்த ரிசீவரிடம் சொல்ல ஆரம்பித்தார். டஸ்டினால் யாரையும் விட முடியவில்லை என்பதை, அதனால் வேறு ஆளை விட்டதை, டீட்ஸுக்கு ஜீனை ஞாபகமே இல்லை என்பதை, கார்னரின் கை சட்டையில் படும்வரை நேட் காத்திருந்ததை. நிதானமாக, எதையும் விடாமல், பந்து கைமாறிய இடம்வரை சொன்னார். இவ்வளவு நன்றாக அவர் எந்தத் திங்கட்கிழமையும் விளக்கியதில்லை.

மறுமுனையில் ரிசீவர் எடுக்கப்பட்டது.

"ம், வந்துட்டேன். என்ன சொல்லிட்டிருந்தே?"

லோவெல் வாயைத் திறந்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொன்னேன்" என்றார்.

"ரெண்டா?" என்றாள் மார்னி. அடுப்பை அணைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் இப்போது எந்தச் சத்தமும் இல்லை.